செம்பிற் களிம்பும் இரசாயன நூலும்

ஆணவமலம் உயிரோடு அநாதியே உள்ளதென்பதற்குச் செம்பிற் களிம்பைச் சித்தாந்த நூலார் உவமை கூறுவர். கேகாலை, இரத்தினபுரித் தோட்டப் பாடசாலைகளில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஓர் இடர் நேரும். இறப்பர்ப் பாலிற் போமிக்கமிலம் விட, அது உறைதலை அங்குள்ள மாணாக்கன் கண்டிருப்பான். பொருளோடு பொருள் கூடி வேறுபடுதல் அவனுக்குப் புதிதன்று. களிம்பு செம்போடு பிறந்ததன்று, ஈரக்காற்றும் அதிலுள்ள காபனீரொட்சைட்டும் செம்போடு கூட வருவது என இரசாயன பாடத்திற் படித்தபின், "ஐயா, மலமும் அப்படி இடையில் வந்ததுதானோ?" என்று வினவுவான்.

அவ்வினாவை அதட்டி அடக்குதல் தகாது. இரசாயனந்தானும் வினாவால் வளர்ந்ததே. இரசவாதிகள் பல நூற்றாண்டுகளாகச் செம்பைப் பொன்னாக்க முயன்றனர். 1789-இல் இலவோசியே என்னும் பிரெஞ்சு அறிஞர் அவ்விரண்டையும் தனித்தனி மூலகங்களாக வகுத்தார். செம்பின் அணுவெண் 29, பொன்னின் அணுவெண் 79. எக்குளிகையும் அவ்வேற்றுமையை மாற்றாது. ஆகவே, திருவருளுக்கு இரசகுளிகையை உவமித்ததும் அக்காலத்தார் நம்பிக்கை பற்றியதே எனச் சொல்லிவிடுதல் நேர்மை.

உவமை ஒருபுடை ஒப்புமையே; பிரமாணமாகாது. மலம் அநாதியென்பது செம்பைக்கொண்டு நிறுவப்பட்டதன்று. தூய உயிரை இடையிலே மலம் பற்றிற்றெனின், வீடுபெற்ற பின்னும் அது பற்றுமன்றோ? இந்நியாயத்தை மாணாக்கனுக்கு விளக்காது உவமையை மட்டும் ஒப்புவிக்கச் செய்தது நம் குறை.

தோட்டத்துக் கோயிற் செம்புக் குடத்தைத் திருவிழாவுக்கு முன் புளியிட்டு விளக்குவர். சப்பிரகமுவ மழையில் அது மீண்டும் பசக்கும். முன்னோர் கண்டது அதுவே. புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைத்தலையும் அக்குடத்திலேயே காட்டலாம்.