ஆழ்வான் கேளாத கண்

உடையவரின் உயிர்நிலை போன்ற சீடரான கூரத்தாழ்வான், சோழன் சபையில் ஆசார்யனுக்காகத் தம் இரு கண்களையும் இழந்த வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். பின்னாளில் உடையவர் அவரைக் காஞ்சிப் பேரருளாளன் திருமுன்பே சென்று பார்வையை வேண்டிப் பெறும்படி நியமித்தருளினார். ஆழ்வானோ வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பம் செய்து, பெருமாள் வரமருள முன்வந்தபோது, தம் துயருக்குக் காரணமான நாலூரானுக்கும் தாம் பெறும் பேறே கிட்டவேண்டும் என்று கேட்டுவிட்டார்!

கேட்டோர் ஆழ்வானை வியப்பர், வியப்பதும் தகும். ஆனால் கண்ணைக் கேட்கச் சொன்னவர் ஆசார்யன் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். தமக்கென்று கேளாதிருந்தது அடியவரின் பெருமை. அவருக்குக் கண் வேண்டுமே என்று தவித்தது ஆசார்யனின் கருணை.

அத்தகைய தவிப்பு இக்காலத்தில் மதுரையில் ஒருவரைப் பற்றிக்கொண்டது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளமையிலேயே மூட்டுவாத நோய் அவருடைய விரல்களைக் கோணச் செய்திருந்தது. அவ்விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகிப் பல்லாயிரம் கண்களைத் திறந்தவர் அவர்.

கண்ணின் வில்லை மங்கிப்போவதே கண்புரை. மங்கியதை நீக்கிச் செயற்கை வில்லை வைத்தால் பார்வை மீளும். வெளிநாட்டு வில்லையோ ஏழைக்கு எட்டாத விலை. ஆகவே 1992இல் ஆரோலேப் என்னும் நிறுவனத்தை அமைத்து, வில்லையை மதுரையிலேயே மலிவாகச் செய்தனர். கட்டணம் தருவோரின் பணமே, தர இயலாதோரின் சிகிச்சைக்கும் கைகொடுக்கிறது. கிராமத்து முகாமில் கண்டறியப்பட்டவர்களை வண்டியில் அழைத்துவந்து, சிகிச்சை செய்து, உணவளித்து, ஊரில் கொண்டுபோய் விடுகின்றனர்.

தீபாராதனை வேளையில், "பெருமாள் தெரிகிறாரா பாட்டி?" என்று பேரன் கேட்க, அவன் மனம் நோகாதிருக்கத் "தெரிகிறார்" என்று சொல்லிவிடும் மூதாட்டிகள் எத்தனை பேர்! அந்தப் பேரன்தான் அவளுக்குக் கோல். கோலாக நடக்கும் பிள்ளை பள்ளிக்கு எப்படிப் போவான்? பாட்டிக்குக் கண் கிடைத்த அன்று அவன் கைக்கு ஏடு கிடைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களை அம்மருத்துவமனை தேர்ந்தெடுத்து, உதவித்தொகையுடன் இரண்டாண்டுகள் பயிற்றுவிக்கிறது. பார்வையைச் சோதிப்பது முதல் அறுவைக் கூடத்தில் உதவுவது வரை பெரும்பாலான பணிகளைச் செய்பவர்கள் அவர்களே. வீட்டோடு நின்றிருக்கக்கூடிய பெண், பிறர் கண்ணைக் காப்பவளாகிச் சம்பளமும் வீட்டுக்கு அனுப்புகிறாள்.

உற்சவக் கூட்டத்தில் ஒரு சிறுவன் கைபிடித்து நடத்திவரும் முதியவரைக் காணும் அன்பர், வழிவிடுவதோடு நில்லாமல், "கண்ணை எங்கேனும் காட்டினீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.