கோபம் யாருடையது?



வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து காரில் வீடு திரும்புகிறோம். பின்னிருக்கையில் இருந்த பிள்ளை ஏதோ எதிர்த்துச் சொல்கிறது. நெற்றியில் இட்ட திருநீறு அழியுமுன்னரே நாம் வெடித்து விடுகிறோம். பிறகு, "வேலைக் களைப்பு, நரம்புக் கோளாறு, எங்கள் குடும்பத்துக் குணம்" என்று சமாதானம் சொல்லிக் கொள்கிறோம். கோபம் நரம்பின் வேலை என்றால் அதற்கு நாம் பொறுப்பாளிகள் தானா?

விடை தேடுமுன் நரம்பின் வேலையைச் சற்றுப் பார்ப்போம். எமது மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. இவை எல்லாம் ஒரே வலையாக ஒட்டிக் கிடக்கின்றன என்றார் இத்தாலியரான கொல்ஜி. ஒவ்வொன்றும் தனிக் கலம் என்றார் ஸ்பெயின் நாட்டவரான கஹால். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி கஹால் சொன்னதை உறுதி செய்தது. பெரும்பாலான இணைப்புகளில், கலத்துக்கும் கலத்துக்கும் நடுவே மில்லிமீற்றரில் 50,000இல் ஒரு பங்கு அளவான இடைவெளி உண்டு.

ஒரு கலத்தின் வழியே ஓடி வரும் மின்துடிப்பு அதன் நுனியை அடைந்ததும், அங்கிருந்து ஓர் இரசாயனப் பொருள் வெளிவந்து அந்த இடைவெளியைக் கடந்து அடுத்த கலத்தைச் சேர்கிறது. 1921இல் ஒட்டோ லோவி இதைத் தவளை இதயங்களைக் கொண்டு காட்டினார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்தார். அந்த இதயத்திலிருந்த திரவத்தை இரண்டாவது இதயத்தில் இட்டார். அதுவும் தணிந்து துடித்தது. தூது சென்ற செய்தி, "மெதுவாக" என்பதே.

ஆம், நரம்புகள் தூண்டுவதற்கு மட்டும் உள்ளவை அல்ல. ஒரு கலத்துக்கு ஆயிரக்கணக்கான செய்திகள் வருகின்றன. சில "செய்" என்கின்றன. சில "பொறு" என்கின்றன. எல்லாம் கூடி ஓர் எல்லையைத் தாண்டினால் மட்டுமே அது துடிக்கும். "பொறு" என்னும் செய்திகள் குன்றினால் வலிப்பு வரக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. திரும்பத் திரும்பத் தூண்டப்பட்ட இணைப்புகள் பலமடைந்து பல மணி நேரம் அப்படியே நிற்பதை, 1973இல் பிளிஸ், லோமோ என்ற இருவர் முயலின் மூளையில் கண்டு வெளியிட்டனர். பழக்கம் என்பது உடம்பில் பதியும் ஒன்று.

ஒரு கலம் பொறுப்பதும் ஒரு மனிதர் பொறுப்பதும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். நோயினால் தம்மை அடக்க முடியாதவர்களும் எம்மிடையே உள்ளனர். அவர்களைப் பழிப்பது தகாது. வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே கடமை. ஆனால் நலமாயிருக்கும் நாம் "இது என் குணம்" என்று சொல்லித் தப்ப முடியாது. முதற் பொறி எம்மைக் கேளாமல் எழலாம். அதை நாளும் ஊதி வளர்த்தது நாம் தான். வள்ளுவர் அடக்கமுடைமைக்கும் வெகுளாமைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்தார். பழகினால் வரும் என்று நம்பியதனால் அன்றோ?

பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளையும் பழகிக்கொண்டு தான் இருக்கிறது, எமது குரலைக் கேட்டு. கோபித்த பின் பிள்ளையிடம், "அப்பா பிழை விட்டிட்டேன்" என்று சொல்வது எமக்குப் பழக்கமில்லாத ஒன்று. வருகிற வெள்ளிக்கிழமை அதையும் பழகிப் பார்ப்போமா?