ஸ்தோத்திரக் காணிக்கை

கணியம்பாடிப் பக்கம் டிசம்பரில் நம்ம வீடுகளில் காகித ஸ்டார் தொங்கும். தோல் கம்பெனி சுண்ணாம்பில் வெந்த கைதான் ஸ்தோத்திரக் காணிக்கை போடுது. எதுக்கு ஸ்தோத்திரம்? பாலாறு தோல் கழிவில் கெட்டுப்போனதுக்கா? 1950ஆம் வருட ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித் வெளியேதான். (கோயிலுக்குள்ள மட்டும் சாதி செத்துப்போச்சா என்ன?)

ஆனாலும் இந்த நன்றியை அடிமைப் புத்தி என்று தள்ளிவிட முடியாது. கூலி கொடுத்தவனையே கும்பிடு என்று பழக்கின ஊரில், அவனைத் தாண்டி ஒருத்தருக்கு நன்றி சொல்றது சின்ன காரியமில்ல. சாவு விழுந்த வீட்டுக்காரரும் அந்த ராத்திரி வந்து அழுதுகொண்டே பாடுறாங்க. யாரும் சிரிக்கச் சொல்றதில்ல. 2004இல் அந்த ஆணையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனதும் இதே ஜெபத்தின் பாக்கிதான்.