நான் வந்தேனே, நீ ஏன் வரவில்லை?



மழைக்காலம் வந்தால் தாம்பரத்துக்காரர்கள் படுகிற பாடு உங்களுக்கே தெரியும். பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு, பீச் வண்டி வருமா வராதா என்று பிளாட்பாரத்தில் நிற்கிற கூட்டத்தில் நானும் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவன். ஆனால் நான் எழுத வந்தது மழையின்மேல் குறை சொல்ல அல்ல. குறை என்மேல்தான்.

எங்கள் ஆபீசில் வருகைப் பதிவேடு என் பொறுப்பு. 2015 நவம்பர் நடுவில் பெரிய மழை. என் கீழே வேலை பார்த்த ஒரு தம்பி, முடிச்சூர் பக்கம் குடியிருந்தவர், மூன்று நாள் வரவில்லை. போன் அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். நாலாம் நாள் வந்து, "வீட்டுக்குள்ள தண்ணி சார், வெளியவே வர முடியல" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நானும் தாம்பரம்தான். நான் வந்தேனே!" மூன்று நாளும் சம்பளமில்லா விடுப்பு என்று சிவப்பு மையில் எழுதினேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

நானும் தாம்பரம்தான், உண்மை. ஆனால் எந்தத் தாம்பரம்? என் வீடு கிழக்கே, ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில், கொஞ்சம் மேட்டில். அதுவும் என் சாமர்த்தியமா? என் மாமனார் அந்தக் காலத்தில் மலிவாக வாங்கிப் போட்ட மனை! அந்தத் தம்பி இருந்ததோ மேற்கே, அடையாற்றுப் பக்கம். ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் நிரம்பினால் உபரித் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். ஒரே மழைதான், ஒரே ஊர்தான். எனக்கு அது குடை நனைகிற மழை, அவருக்கு அரிசி மூட்டை மிதக்கிற மழை.

நான் வந்து சேர்ந்தேன் என்பதற்கு, என் வழி திறந்திருந்தது என்றுதான் அர்த்தம். அடுத்தவன் வழியைப் பற்றி அது என்ன சாட்சி சொல்லும்? ஆனால் நான் என் சீசன் டிக்கெட்டையே அளவுகோலாக வைத்து ஒரு மனுஷனை நியாயந்தீர்த்துவிட்டேன்.

டிசம்பர் 1 வந்தது. அந்த ராத்திரியை யார் மறப்பார்கள்? மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. பெய்தது. அன்று சாயங்காலம் வண்டிக்குக் காத்துப் பார்த்து, ஒரு பஸ்ஸில் தொற்றி, பல்லாவரத்தில் அது நின்றுபோக, ஜிஎஸ்டி ரோட்டில் இடுப்புத் தண்ணீரில் குரோம்பேட்டை, சானடோரியம் தாண்டி நடந்தேன். எது ரோடு, எது கால்வாய் என்று தெரியவில்லை. முன்னே போன ஒருவர் நீட்டிய குடைக்காம்பைப் பிடித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரி கதவைத் திறந்து, "ஏங்க, உயிரோட வந்தீங்களே" என்று அழுதாள்.

அடுத்த நாள் நான் ஆபீஸ் போகவில்லை. எனக்கு ஆப்சென்ட் போட யார் இருக்கிறார்கள்? பதிவேடு என் கையில்! அன்றைக்கு 'தி ஹிந்து' பத்திரிகைகூட சென்னையில் அச்சாகவில்லை. ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. 1878ல் ஆரம்பித்த பத்திரிகைக்கு அதுதான் முதல் தடவை என்றார்கள். "பாவம், எப்படிப் போவாங்க?" என்றோம். பெரிய பத்திரிகைக்கு அந்தப் "பாவம்" சட்டென்று வந்தது. முடிச்சூர் தம்பிக்கு வரவில்லை.

மழையைச் சாக்காக வைத்து வீட்டில் பஜ்ஜி சாப்பிடுகிறவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். எல்லாரையும் நம்பினால் ஆபீஸ் நடக்காது என்பார்கள். ஆனால் பொய்யனை நம்பினால் ஒரு நாள் சம்பளம்தானே நஷ்டம்? மெய்யனை நம்பாமல் போனால் நஷ்டம் எவ்வளவு? அந்தக் கணக்கை நான் போடவே இல்லை.

தண்ணீர் வடிந்தபிறகு அவர் வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்கள் காய்ந்துகொண்டிருந்தன. சுவரில் என் தலைக்கு மேலே ஒரு சேற்றுக்கோடு. அதற்குக் கீழே, நெஞ்சளவில், மங்கலாக இன்னொன்று. "மேல இருக்கறது டிசம்பர் சார். கீழ இருக்கறது நவம்பர்" என்றார், சும்மா தகவல் சொல்கிற மாதிரி. எனக்கு இருதயத்தில் குத்தினது.

கணக்குப் பிரிவில் கேட்டேன். மாதம் முடித்தாகிவிட்டது, திருத்த முடியாது என்றார்கள். என் கைப்பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாங்கவில்லை. "பணத்துக்கில்ல சார். பொய் சொல்றேன்னு நெனச்சீங்க இல்ல, அதான்."

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, மனசு கேட்காமல் அவருக்குப் போன் செய்தேன். "தம்பி, அங்க தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டு வாய் மூடவில்லை, அதற்குள் அவர், "சார், நாளைக்கு எப்படியாவது வந்துடறேன் சார்" என்றார்.