வேலியே பயிரை மேய்ந்தால்

உடலைக் காப்பதற்கென்று அமைந்த ஆற்றலே உடலை அழிக்கத் தொடங்கினால் மனிதன் என்ன செய்வான்? நோயெதிர்ப்பு மண்டலம் கிருமிகளை அந்நியம் என்று கண்டு தாக்குகிறது. உடலின் உயிரணுக்களைத் தன்னுடையவை என்று அறிந்து விட்டுவிடுகிறது. இந்தப் பாகுபாடு பிறழும்போது தோன்றுபவையே தன்னுடல் தாக்குநோய்கள். 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைச் சிதைக்கிறது. 'சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ்' தோலை இறுகச் செய்து நுரையீரலையும் பற்றுகிறது.

கயிற்றைப் பாம்பென்று மயங்கும் நிலையை வேதாந்தம் உவமையாகக் கூறும். இங்கோ தன்னதே பகையாகத் தோன்றுகிறது. ஆனால் உவமையை அளவோடு நிறுத்த வேண்டும். அந்த மயக்கம் அறிவில் நிகழ்வது. இது உயிரணுக்களில் நிகழ்வது. நோயாளியின் மனக்குறையே நோய்க்குக் காரணம் என்பதும், முன்வினை என்று கூறி ஒதுங்குவதும் விவேகமாகா.

இத்தகைய கடும் நோய்களுக்கு 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஒரு சிகிச்சை முயன்று பார்க்கப்பட்டு வருகிறது. நோயாளியின் இரத்தத்திலிருந்தே 'ஸ்டெம் செல்' எனப்படும் மூல உயிரணுக்களைத் திரட்டி உறையவைத்துப் பாதுகாக்கின்றனர். பின்னர் வீரியமிக்க மருந்துகளால் பழைய நோயெதிர்ப்பு மண்டலத்தை ஒடுக்கி, அம்மூல உயிரணுக்களை மீண்டும் உடலில் செலுத்துகின்றனர். அவற்றிலிருந்து புதிய காவல் படிப்படியாக உருவாகிறது. இடைப்பட்ட நாட்களில் உடலுக்குக் காவலே இல்லை. எளிய தொற்றும் உயிரைப் பறிக்கலாம்.

ஐரோப்பிய மருத்துவமனைகளில் சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்றின் முடிவுகள் 2014இல் வெளிவந்தன. இச்சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்ட 79 பேரில் 8 பேர் முதல் ஆண்டிலேயே சிகிச்சையின் விளைவாக இறந்தனர். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, மருந்து மட்டும் பெற்றவர்களைவிட இவர்களே மிகுதியாகப் பிழைத்திருந்தனர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 110 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வின் முடிவுகள் 2019இல் வெளிவந்தன. நோய் முற்றியவர்கள் சிகிச்சைப் பிரிவில் 3 பேர். மருந்துப் பிரிவில் 34 பேர். அதில் உயிரிழப்பு ஏதுமில்லை.

இங்கேதான் அறத்தின் கேள்வி எழுகிறது. பத்தில் ஒருவர் இறக்கலாம் என்று மருத்துவர் கூறுகிறார். கூட்டத்துக்கு அது ஒரு விகிதம். நோயாளிக்கோ பத்தில் ஒரு பங்கு மரணம் என்று ஒன்றில்லை. வாழ்வு முழுமையாக இருக்கும், அல்லது முழுமையாகப் போகும். வாழ்வதற்காக உயிரையே பணயம் வைப்பது தகுமா?

உடல் அறத்தைச் செய்வதற்குரிய கருவி. அதைப் பேணுவது கடமை. எனவே தக்க முயற்சியைத் தேகப்பற்று என்று இகழலாகாது. அதே உடல் நிலையற்றது. எனவே எவ்விலை கொடுத்தேனும் அதைப் பிடித்துவைப்பதும் கடமையன்று. மருந்தால் கட்டுப்படும் நோய்க்கு இத்துணை ஆபத்தை ஏற்பது அவசரம். உள்ளுறுப்புகள் பெரிதும் பழுதான பின் துணிவதோ காலங்கடந்த துணிவு. அப்போது ஆபத்தும் பெருகும். இவ்விரண்டுக்கும் இடையே காலமறிந்து தெளிவதே விவேகம்.

மருத்துவத்தை வள்ளுவர் நான்காக வகுத்தபோது, நோயுற்றவனையே முதலில் வைத்தார். மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் ஆகியோர் அதன்பின்னரே வருகின்றனர். முடிவும் நோயுற்றவருக்கே உரியது. அவருக்கு உண்மையை மறைக்காமல் கூறுவது மருத்துவரின் தர்மம். அச்சத்தாலோ ஆசையாலோ அவரை நெருக்காமலிருப்பது குடும்பத்தாரின் தர்மம். எந்த நோயையும் ஸ்டெம் செல் தீர்க்கும் என்று விலை பேசுவோர் இந்த இரு தர்மங்களையும் மீறுகின்றனர். ஏற்கப்பட்ட நோய்களுக்கு அப்பால் இவ்வணுக்களை முறையான ஆய்வாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2017ஆம் ஆண்டின் இந்திய வழிகாட்டு நெறிகள் கூறுவதும் இதனாலேயே.

செயலில் மட்டுமே உரிமை, பலனில் அன்று என்னும் கீதையின் உபதேசம் இங்கே ஆறுதலாக மட்டுமன்றி அளவுகோலாகவும் நிற்கிறது. அறிந்து, ஆராய்ந்து, அமைதியோடு துணிந்தவர் பிழைக்காமல் போனாலும் அவரது முடிவு தவறானதாகிவிடாது. அவ்வாறே ஆராய்ந்து, வேண்டாமென்று ஒதுங்கியவர் கோழையும் அல்லர். தேர்ந்தவர் எவ்வழியில் சென்றாலும், 'அன்றே வேறு விதமாகச் செய்திருக்கலாமே' என்று பின்னர் குத்திக்காட்டாமல் அருகே நிற்பதுதான் சுற்றத்தார் செய்யத்தக்க சேவை.