இரண்டு ஏரிகளுக்கு நடுவே

வட அமெரிக்காவில் பல ஏரிகளின் படகுத்துறைகளில் ஒரு பலகை நிற்கிறது. அதில் மூன்று கட்டளைகள்: சுத்தம் செய், வடித்துவிடு, உலர்த்து. படகை நீரிலிருந்து இழுத்துக் காருக்குப் பின்னால் பூட்டிய டிரெய்லரில் ஏற்றியதும், வீட்டுக்குப் புறப்படும் முன் செய்ய வேண்டிய காரியங்கள் இவை. டிரெய்லரின் அச்சில் சுற்றிக்கொண்ட நீர்க்கொடியைப் பிய்த்துப் போட வேண்டும். படகின் அடியில் தேங்கிய நீர், பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்கும் தொட்டி நீர், தூண்டில் இரை கிடந்த வாளி நீர் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். மினசோட்டா மாநிலத்தில் படகின் அடித்தக்கையைக் கழற்றிய பிறகே அதைச் சாலையில் கொண்டுபோகலாம் என்பது சட்டம். அப்புறம் கொதிக்கக் காய்ந்த நீரால் கழுவ வேண்டும். அல்லது ஐந்து நாளாவது வெயிலில் காயப்போட வேண்டும். அதற்குப் பிறகுதான் இன்னொரு ஏரி.

பாத்திரம் கழுவுவதைப் பற்றி யாரும் தத்துவ விசாரம் செய்வதில்லை. படகு கழுவுவதும் அதைப் போன்ற ஒரு வேலைதான். ஆனால் யோசிக்க யோசிக்க, அறம் பற்றி நமக்குப் பழக்கமான எந்தச் சட்டகத்திலும் இந்த வேலை ஒழுங்காகப் பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் விஷயம். வரிக்குதிரைச் சிப்பி என்று ஒன்று. விரல்நகம் அளவு, ஓட்டில் வரிகள். கருங்கடல், காஸ்பியன் கடற்பகுதிகளுக்கு உரியது. அட்லாண்டிக்கைக் கடந்து வந்த சரக்குக் கப்பல்கள் ஆட்டமில்லாமல் மிதப்பதற்காக வயிற்றில் நிரப்பி வந்த நீரை இங்கே திறந்துவிட்டபோது கூடவே வந்திறங்கியது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. 1988இல் ஹ்யூரன், ஈரி ஏரிகளுக்கு நடுவிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் இதைக் கண்டார்கள். இரண்டு ஆண்டுகளில் ஐந்து பேரேரிகளிலும் இருந்தது. 1989 டிசம்பரில் மிச்சிகன் மாநிலத்து மன்ரோ நகரத்தின் குடிநீர் ஏற்பாட்டை முடக்கியது. செயின்ட் கிளேரில் காலங்காலமாக வாழ்ந்த பெரிய நன்னீர்ச் சிப்பிகளின் ஓட்டின்மேல் இவை நூல் விட்டுக் கும்பல் கும்பலாக ஒட்டிக்கொண்டன. கீழே இருந்தவை உண்ண வழியில்லாமல் ஏறத்தாழ அடியோடு அழிந்தன.

பேரேரிகளைக் கால்வாய்களும் நதிகளும் இணைக்கின்றன. அங்கே சிப்பி பரவியதில் ஆச்சரியமில்லை. நிலம் சூழ்ந்த ஆயிரக்கணக்கான சிறு ஏரிகளுக்கு எப்படிப் போயிற்று? சிப்பி ஒரு மேட்டைத் தாண்டாது. 2007 ஜனவரியில் இதன் நெருங்கிய உறவான குவாகா சிப்பியை, நெவாடா, அரிசோனா எல்லைப் பாலையிலுள்ள மீட் நீர்த்தேக்கத்தில் கண்டுபிடித்தார்கள். பேரேரிகளிலிருந்து ஈராயிரம் கிலோமீட்டருக்கு மேல். இடையில் ராக்கி மலைகள். ஒரு படகோடுதான் வந்திருக்க வேண்டும் என்றார்கள். யாருடைய படகு என்பது தெரியாது. படகுக்காரருக்கும் தெரியாது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் பிரச்னை தொடங்குகிறது. குற்றம் என்றால் செய்தவன், செயல், பாதிக்கப்பட்டவன் என்று மூன்று முனைகளை நாம் எதிர்பார்க்கிறோம். இங்கே செய்தவனுக்குத் தான் செய்தது தெரியாது. செயல் என்று சுட்டவும் ஒன்றில்லை. ஒரு கொடித்துண்டைப் பிய்க்காமல் விட்டது, அவ்வளவே. 2001இல் வெளியான ஓர் ஆய்வு, தரைவழியே சிப்பி பயணம் போவதற்கு முக்கிய வாகனம் டிரெய்லரில் சிக்கிய நீர்த்தாவரங்களே என்று காட்டியது. சிப்பி கொடியைப் பிடித்திருக்கிறது, கொடி டிரெய்லரைப் பிடித்திருக்கிறது, டிரெய்லரை மனிதன் இழுத்துக்கொண்டு போகிறான். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவன் மனத்தில் பிடித்த மீனும் வீட்டுச் சாப்பாடும். சிப்பியின் இளம்பருவமோ கண்ணுக்கே தெரியாது. ஒரு கை நீரில் எத்தனையோ இருக்கலாம். விளைவு வெளிப்பட ஆண்டுகள் ஆகும். அப்போது அந்த ஏரிக்கு வந்துபோன படகுகள் ஆயிரம் இருக்கும்.

வள்ளுவர் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்: பொச்சாப்பு. மகிழ்ச்சி மிகுதியில் வரும் மறதி. அதைத் தவிர்ப்பது பற்றிய பொச்சாவாமை அதிகாரம் பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் பகுதியில் இருக்கிறது. சாதாரண மனிதனின் மறதி அவன் வீட்டோடு போய்விடும், அரசனின் மறதி நாட்டைக் கெடுக்கும் என்ற கணக்கில் அங்கே வைத்தாரோ என்னவோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நாளெல்லாம் நீரில் களித்துவிட்டு, தக்கையை மறந்து புறப்படுகிறவனிடம் இன்று அந்த அரசனின் கை இருக்கிறது. அரசனுக்குரிய எச்சரிக்கையை அவனுக்கு யாரும் பயிற்றவில்லை. ஒரு பலகைதான் இருக்கிறது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கழுவியவன் என்ன பெறுகிறான்? கலிபோர்னியா, நெவாடா எல்லையிலுள்ள தாகோ ஏரியில் 2008இலிருந்து மோட்டார் படகுகளுக்குக் கட்டாயச் சோதனை. ஏரியை விட்டுக் கிளம்பும் படகையும் டிரெய்லரையும் சேர்த்து ஒரு கம்பி முத்திரை கட்டிவிடுகிறார்கள். முத்திரை அறுபடாமல் திரும்பி வந்தால் இடையில் வேறு நீரைத் தொடவில்லை என்று அர்த்தம். இத்தனை ஆண்டுகளில் வரிக்குதிரைச் சிப்பியோ குவாகாவோ தாகோவில் குடியேறவில்லை. சோதனையின் வெற்றி என்று சொல்லலாமா? தாகோ நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஓடு கட்டி இனம் பெருக்க அது போதுமா என்பதே விவாதத்துக்குரிய விஷயம். ஒருவேளை யாரும் சோதிக்காமல் இருந்திருந்தாலும் சிப்பி வந்திருக்காது. ஆனால் 2023இல் நியூஸிலாந்துச் சேற்று நத்தையை அங்கே கண்டுபிடித்துவிட்டார்கள். தோல்விக்குத் தேதி குறிக்க முடிகிறது. வெற்றி எந்த நாளில் நிகழ்ந்தது என்று காட்ட முடியவில்லை. ஒன்றும் நிகழவில்லை என்பதுதான் அதன் முழு உள்ளடக்கம்.

பசித்தவனுக்குச் சோறு போட்டால் அவன் முகத்தைப் பார்க்கலாம். நீரில் விழுந்தவனைத் தூக்கினால் அவன் மூச்சு வாங்குவதைப் பார்க்கலாம். ஐந்து நாள் படகைக் காயப்போட்டவன் எதையும் பார்ப்பதில்லை. அவன் ஓர் ஏரியைக் காப்பாற்றியிருக்கலாம், அல்லது ஒரு விடுமுறையை வீணாக்கியிருக்கலாம். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் 'தார்மிக அதிர்ஷ்டம்' என்ற ஒன்றைப் பற்றி விவாதித்தார்கள். பிரேக்கைச் சரிபார்க்காத லாரி டிரைவர் இருவர். ஒருவன் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருகிறது, மற்றவன் குறுக்கே வரவில்லை. கவனக்குறைவு ஒன்றேதான், ஆனால் நம் தீர்ப்பு வேறுபடுகிறது. இது நியாயமா என்பது கேள்வி. ஏரி விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் மோசமாகிறது. லாரிக்காரன் கடைசியில் குழந்தையைப் பார்த்துவிடுகிறான். வாழ்நாள் முழுவதும் அது அவனைத் தூங்கவிடாது. படகுக்காரனுக்கு அந்தத் துக்கம்கூடக் கிடைப்பதில்லை. அவன் நல்லவனாகவே செத்துப்போவான்.

இதற்குத் தெளிவான பதில் ஒன்று சமணரிடம் உண்டு. தமிழ்நாட்டுச் சமணர் பொன்னூர் மலையோடு சேர்த்து நினைக்கும் குந்தகுந்தர், பிரவசனசாரத்தில் ஹிம்ஸையை விளைவிலிருந்து பிரித்துவிடுகிறார். உயிர் போனதா, பிழைத்ததா என்பதல்ல அளவுகோல். கவனமில்லாமல் நடப்பவன், ஒன்றும் சாகாவிட்டாலும் ஹிம்ஸை செய்தவனே. கவனத்தோடு நடப்பவனை, காலடியில் ஓர் உயிர் போய்விட்டாலும், அந்த வினை கட்டுவதில்லை. லாரிக்காரர் இருவரும் ஒன்று. படகுக்காரர் ஆயிரம் பேரும் ஒன்று. அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. பலகையில் எழுதியிருக்கும் சட்டமும் தன்னையறியாமல் சமணச் சட்டம்தான். சிப்பியைக் கொண்டுவந்தாயா என்று அது கேட்பதில்லை. தக்கை செருகியிருக்கிறதா என்றுதான் கேட்கிறது.

வெகுநாள் இந்தப் பதிலோடு நான் திருப்தியாக இருந்தேன். இப்போது இல்லை. கவனமாகத் துடைத்தவன் ஓர் இழையைத் தவறவிட்டால் அவன் ஆன்மாவுக்குப் பங்கமில்லை, சரி. ஏரிக்கு? நம் மனத்தூய்மையை ஏரி கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. செய்கிறவனின் ஆன்மாவை மையமாக வைத்த அறம் எதுவும், செயல் போய் விழுகிற இடத்தைக் கடைசியில் மறந்துவிடுகிறது. நம்மில் பலருடைய அறவுணர்வும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். என் எண்ணம் சுத்தமானது என்று தீர்ந்ததும் விசாரணையை முடித்துவிடுகிறோம்.

எண்ணம் மட்டுமல்ல, கண்ணும் இங்கே துணைக்கு வருவதில்லை. ஒரு சிப்பி ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரை நீரை வடிகட்டும். கோடிக்கணக்கில் சேர்ந்து வடிகட்டினால் ஏரி தெளிந்துவிடுகிறது. மிச்சிகன் ஏரி குவாகாவின் வருகைக்குப் பிறகு பளிங்காகிவிட்டது. பார்க்கிறவர்கள் அழகு என்கிறார்கள். நீரைக் கலங்கலாக வைத்திருந்த நுண்பாசிதான் அங்கே எல்லாவற்றுக்கும் ஆகாரம். அது போனபின், அடித்தரையில் வாழ்ந்த சிறு கூனியினம் சரிந்தது, அதைத் தின்ற மீன் மெலிந்தது. வெளிச்சம் அடிவரை இறங்கியதால் பாறைப் பாசி மண்டி, அழுகி, அதில் விளைந்த நஞ்சு மீன்வழியே ஏறிக் கரையில் நீர்ப்பறவைகள் செத்து ஒதுங்கின. அந்தத் தெளிவு பட்டினியின் தெளிவு. தெளிவு என்ற சொல்லைப் பாராட்டாக மட்டுமே உபயோகிக்கும் விமர்சகர்கள் ஒருமுறை அந்த ஏரிக்கரைக்குப் போய்வரலாம்.

ஓர் ஆட்சேபணை வரும், நியாயமான ஆட்சேபணை. கப்பல் கம்பெனிகள் கொண்டுவந்து கொட்டியதற்கு, தூண்டில்காரன் வாளியைக் கழுவ வேண்டுமா? செயின்ட் லாரன்ஸ் கடல்வழி 1959இல் திறந்தது. பேரேரிகளுக்கு வரும் கப்பல்கள் தங்கள் நீரை நடுக்கடலில் மாற்றிவிட்டு வர வேண்டும் என்று அமெரிக்கா கட்டாயமாக்கியது 1993இல், சிப்பி எங்கும் பரவிய பிறகு. நம் பக்கத்திலும் இதே கதை நடக்கிறது. எண்ணூரில் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தை, மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் ஒரு தென்னமெரிக்கச் சிப்பி மூடிக்கொண்டிருக்கிறது. இறாலுக்கு இடமில்லை, சேற்றில் இறங்கிக் கையால் இறால் பிடித்தவர்களுக்கு வேலையில்லை. அதுவும் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் வழியே வந்திருக்கும் என்றே கருதுகிறார்கள். கப்பலை வைத்திருந்தவன் யார், வலையைச் சுருட்டிவைத்தவன் யார் என்று பார்த்தால், எல்லோருக்கும் சமமாகப் பொறுப்பைப் பிரிப்பது ஒரு மோசடி என்றுகூடத் தோன்றும்.

இந்தக் கோபத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து வாளியைக் கழுவ வேண்டாம் என்ற முடிவு வருவதில்லை. பெரிய குற்றவாளி ஒருவன் இருப்பது சிறிய கைகளை வெறும் கைகளாக்கிவிடாது. கப்பல் ஐந்து ஏரிகளுக்குக் கொண்டுவந்தது. ஆறாவதற்கும் ஆயிரமாவதற்கும் கொண்டுபோனது டிரெய்லர். இரண்டு வழக்குகளும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டியவை. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போடுவது நம் அரசியல் பேச்சில் நன்கு பழகிய வித்தை.

இன்னொன்று. இந்தச் சிப்பியை 'அந்நியன்', 'படையெடுப்பு' என்று பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சொற்கள் எங்கெங்கே எதற்கெல்லாம் பயன்படும் என்பது நமக்குத் தெரியும். காஸ்பியன் ஓரத்தில் அது தன்பாட்டுக்கு, தன்னைத் தின்கிறவற்றோடும் தான் தின்கிறவற்றோடும் வாழ்ந்த ஜீவன். அது புறப்பட்டு வரவில்லை. நாம் எடுத்து வந்தோம்.

எடுத்து வருவது என்றதும் மறுபடியும் சமணரின் ஞாபகம் வருகிறது. இம்முறை அவர்கள் தத்துவம் அல்ல, அடுக்களைப் பழக்கம். நீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த படி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. துணியில் தங்கிய நுண்ணுயிர்களை உதறிக் கீழே கொட்டிவிடக் கூடாது. எந்தக் கிணற்று நீரோ, அந்தக் கிணற்றிலேயே கொண்டுபோய் விட வேண்டும். பக்கத்துக் கிணறு கூடாது; ஒரு நீரின் உயிர் இன்னொரு நீரில் பிழைக்காது, அல்லது அங்கிருப்பதைப் பிழைக்கவிடாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு ஓர் ஊர் உண்டு என்று நம்பியவர்கள் செய்த காரியம் இது. குந்தகுந்தரின் அளவுகோலில் எனக்குக் குறைவாகப் பட்டது இந்தத் துணியில் இருக்கிறது. இங்கே கவனம் கவனிப்பவனோடு நின்றுவிடுவதில்லை. குனிந்து துணியைப் பிழிகிறவன் தன் ஆன்மாவை நினைத்துக்கொண்டுதான் செய்யலாம். ஆனால் கை கிணற்றைத் தேடிப் போகிறது.

படகுத்துறைப் பலகை கேட்பதும் இவ்வளவுதான். எடுத்த நீரை எடுத்த இடத்தில் விடு. கொடியை அது முளைத்த கரையில் போடு. அப்புறம் ஐந்து நாள் ஒன்றும் செய்யாதே. படகு வெயிலில் கிடக்கும். அதில் ஏதாவது செத்ததா, ஏதாவது பிழைத்ததா என்று யாரும் வந்து சொல்லப்போவதில்லை. அடுத்த ஏரி அதுபாட்டுக்குக் கலங்கலாகவே கிடக்கும்.