அரக்கு முத்திரை

என் மகனும் அவன் சிநேகிதர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ராஜ்யம் நடத்துகிறார்கள். அரசன், சேனாபதி, ஒற்றன் என்று ஆளுக்கொரு வேஷம். வசனம் எதுவும் எழுதி வைத்ததல்ல; அவரவர் வேஷத்துக்குத் தக்கபடி யோசித்துப் பேசிக் கதையை வளர்க்க வேண்டும். அதுதான் ஆட்டம்.

சென்ற மாதம் ஒரு நாள் ஆட்டம் பாதியில் நின்றது. மகன் ஒரு கடிதத்தை மடித்து, அரக்கை உருக்கி ஊற்றி, என் பாட்டி வைத்திருந்த ஓட்டைக் காலணாவை அதன்மேல் அழுத்தினான். "அடுத்த வாரம் வரைக்கும் நீங்க வச்சிருங்கப்பா. ஒற்றன் கையிலே சிக்கக் கூடாது" என்றான்.

ஆட்டத்தில் அவன் இளவரசன். கடிதம், அரசனான தந்தைக்கு. வீட்டில் என்னோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பதினாறு வயதுப் பிள்ளை, ஒரு தந்தைக்கு என்ன எழுதியிருப்பான்?

அரக்கு அப்படியொன்றும் பெரிய காவல் அல்ல. இத்தாலிய தேசபக்தர் மாஜினி லண்டனில் அகதியாக இருந்தபோது, அவருடைய கடிதங்களைத் தபால் இலாகாவிலேயே பிரித்துப் படித்து, மறுபடி ஒட்டி அனுப்பினார்கள். சந்தேகப்பட்ட அவர் உறைக்குள் கசகசாவும் மணலும் போட்டுப் பார்த்தார். கடிதம் வந்து சேர்ந்தது, கசகசாவைக் காணோம். 1844-இல் விஷயம் பார்லிமெண்டில் வெடித்தது.

சரி, எழுதியவர் இன்னாரென்றாவது முத்திரை நிச்சயமாகச் சொல்லுமா? அதுவும் இல்லை. விசாகதத்தரின் 'முத்ராராக்ஷஸ' நாடகத்தில், ராக்ஷஸனின் முத்திரை மோதிரம் சாணக்கியன் கையில் சிக்குகிறது. பொய்க் கடிதத்துக்கு மெய்யான முத்திரை விழுகிறது. அதை நம்பி மலயகேது தன் உற்ற துணைவனையே விரட்டி விடுகிறான்.

பின் எதற்குத்தான் இந்த அரக்கு? பூட்டு கள்ளனைத் தடுக்கும். முத்திரை யாரையும் தடுப்பதில்லை. 'பிரிக்காதே' என்று கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். பிரிக்க முடிந்தவன் பிரிக்காமல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். வியாழக்கிழமை இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, அடுப்பில் கத்தியைச் சுட வைத்தவனும் நான்தான். கத்தி சிவந்தது. மகனுக்குத் தெரியாமல் மறுபடி ஒட்டிவிடலாம். ஆனால் அவன் என்னோடு பேசும் அந்த நாலு வார்த்தையை நான் எந்த முகத்தோடு கேட்பது? அடுப்பை அணைத்தேன்.

ஞாயிறன்று கடிதத்தைக் கொடுத்தேன். பையன் அரக்கைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான்.